மழைப் புனலுக்குத் திருநீறு

மழைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதித்துப் பார்க்கிறவளுக்கு எவனோ வெளிநாட்டிலிருந்து சம்பளம் அனுப்புகிறான் என்றால் ஆவடி குவார்ட்டர்ஸில் யார் நம்புவார்கள்? வரலட்சுமியின் கணவன் கங்காதரனே இரண்டு வருடம் நம்பவில்லை. "எங்க வீட்டம்மாவுக்கு மழை பெஞ்சாத்தான் வேலை. வெயிலடிச்சா காலேஜ்ல தூங்கிட்டு வருவாங்க" என்று தொழிற்சாலைச் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவள் வாயைத் திறக்க மாட்டாள். திறந்து என்னத்தைச் சொல்ல? டாங்கிக்கு நட்டு முடுக்குகிறவனிடம் மேகத்தைப் பற்றிப் பேசினால் எடுபடுமா!

விஷயம் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. ஒரு நாட்டுத் தொழிற்சாலைப் புகை மேகத்தில் ஏறி இன்னொரு நாட்டு வயலில் அமிலமாக இறங்குகிறது. அவனவன் தன் ஊர் மழையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விளங்காது என்று ஏழு நாடுகள் சேர்ந்து பதினொரு மையங்களை அமைத்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவுப் பிளாஸ்டிக் புனல், ஒரே மாதிரி பாட்டில், ஒரே படிவம். வாரா வாரம் சேர்ந்த மழையில் அமிலம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று பார்த்து நார்வேக்கு அனுப்ப வேண்டும். இத்தனைக்கும் ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்று பணம் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் மையம் ஓடும், இல்லாவிட்டால் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

பதினோராவது மையம் திருமழிசைப் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில், கேன்டீனுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் எண்பத்தேழில் ஆரம்பமானது. பேராசிரியர் ராஜசேகரன் தலைவர். கருவிகளைப் பார்த்துக்கொள்ள நாகேந்திரன். தண்ணீரைச் சோதித்துக் கணக்கெழுதுவது வரலட்சுமி. அவள் சாதாரண ஆள் இல்லை. நார்வேக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாமல் ஒரு குப்பி அனுப்புவார்கள். பதினொரு மையமும் அதைச் சோதித்துப் பதில் எழுத வேண்டும். அதில் நான்கு தடவை முதலாவதாக வந்தவள் அவள். பிள்ளை குட்டி இல்லாத அவளுக்கு அந்த இரண்டு அறைதான் எல்லாம். மையம் மூடினால் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது.

புனல் இருந்தது கள்ளிக்குப்பத்தில், கோவிந்தன் வீட்டு மொட்டை மாடியில். கோவிந்தன் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி மனையாகப் போய்விட்டது. மீதியில் கீரை போட்டுக்கொண்டு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகவும் போய்க்கொண்டிருந்தான். ஐம்பது வயது. பேசினால் நிறுத்த மாட்டான், பொய் மட்டும் வராது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பாட்டிலைக் கழற்றி, காலேஜில் கொடுத்த சுத்தத் தண்ணீரால் புனலைக் கழுவி, புதுப் பாட்டிலை மாட்டிவிட்டு, நிறைந்த பாட்டிலை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு பூந்தமல்லியில் பஸ் மாறித் திருமழிசைக்கு வந்துவிடுவான். ஆறு வருடத்தில் ஒரு வாரம் தவறியதில்லை. தம்பி செத்த வாரம்கூட மொட்டைத் தலையோடு வந்து நின்றான்.

முதல் நாள் புனலை மாட்டியபோது அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசித்து வரலட்சுமி ஒரு வார்த்தை சொன்னாள்.

"இதுவும் உங்க கலப்பை, மண்வெட்டி மாதிரிதான் அண்ணே. அதுக்குக் குடுக்கிற மரியாதையை இதுக்கும் குடுக்கணும்."

"அத்த எங்கைல வுட்டுடுங்க மேடம்" என்றான் கோவிந்தன்.

ஆறு வருடத்தில் மையத்துக்கு ஒரு பேர் வந்துவிட்டது. எப்படியென்றால், இந்தப் பகுதியில் ஒவ்வொரு வருடமும் பருவமழை தொடங்கும் நேரத்தில் இரண்டு மூன்று வாரம் மழையில் அமிலமே காணாமல் போய்விடும். சுண்ணாம்பும் பொட்டாசியமும் திடீரென்று ஏறும். அது வரும் வாரம் மட்டும் வருடத்துக்கு வருடம் முன்பின்னாக மாறும். கோடை முழுக்கப் பறந்த புழுதி முதல் மழையோடு கரைந்து அமிலத்தை முறிக்கிறது என்று ராஜசேகரனும் வரலட்சுமியும் கட்டுரை எழுதினார்கள். 'புழுதிக் கவசம்' என்று பெயர் வைத்தார்கள். மற்றப் பத்து மையமும் மூக்கில் விரல் வைத்தன. தொண்ணூற்று மூன்று நவம்பரில் மூன்றாம் கட்டத்துக்கான ஆய்வுக்கு நார்வேயிலிருந்து டாக்டர் ஹென்ரிக்சன் வருவதாக இருந்தது. இந்த முறை ஐந்து வருடத்துக்குப் பணம். விண்ணப்பத்தில் பாதி அந்தக் கவசத்தைப் பற்றித்தான்.

பெரிய மனிதர் வருகிறாரே, மாடி பார்க்கிற மாதிரி இருக்கிறதா என்று ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்ப்போம் என்று வரலட்சுமிக்குத் தோன்றியது. வேலை நாளில் நேரமில்லை. ஆயுத பூஜை லீவில் காலையிலேயே கிளம்பிக் கள்ளிக்குப்பம் போனாள். அதுவரை ஒரு ஆயுத பூஜைக்கும் அவள் அங்கே போனதில்லை. போவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டுத்தான் போவாள். அவனும் எல்லாவற்றையும் பளபளவென்று கழுவி வைத்துவிட்டுக் காத்திருப்பான்.

வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. மண்வெட்டி, அரிவாள், தையல் மெஷின், மொபெட் எல்லாம் பொட்டும் பூவுமாக வரிசையாக நின்றன.

"வாங்க மேடம், வாங்க! இன்னா லீவு நாள்ல இம்மாந்தூரம்? ஏய் வேம்புலி, மேடம் வந்துகீறாங்க பாரு, பொரி எடுத்தா!" என்று கோவிந்தன் ஓடி வந்தான்.

மாடிக்குப் போனாள். புனலுக்கு மாலை போட்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. புனலுக்கு உள்ளே, மழை வழிந்து இறங்கும் பக்கம் சுற்றிலும், விரல் கனத்துக்குத் திருநீற்றுப் பட்டை. நடுவில் சந்தனம், குங்குமம்.

"இது என்னண்ணே?"

"இன்னா மேடம் இப்டி கேக்கறீங்கோ? ஆயுத பூஜையாச்சே. நீங்க தானே சொன்னீங்கோ, கலப்பை மாரி மருவாதி குடுன்னு."

"உள்ள ஏண்ணே வெச்சீங்க?"

"தண்ணி போற வழி அது தானே மேடம். வாயில தானே வெக்கணும்? வெளில வெச்சா எவனுக்கு இன்னா? ஆறு வருசமா உள்ள தான் வெச்சினு கீறேன். தானா கரையிற வரிக்கும் அத்த தேச்சிக் கழுவ மாட்டேன்" என்றான் பெருமையாக.

கோவிந்தன் மனைவி வேம்புலியம்மாள் பொரியும் கடலையும் சர்க்கரையும் கலந்து எவர்சில்வர் தட்டில் கொண்டுவந்தாள். வரலட்சுமி வாங்கித் தின்றாள். மென்றாள், விழுங்கினாள், ருசி ஒன்றும் தெரியவில்லை. திருநீறு என்பது என்ன? சாணச் சாம்பல். சாம்பலில் இருப்பது சுண்ணாம்பும் பொட்டாசியமும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அட கடவுளே, இவள் பத்து வருடம் ரசாயனம் படித்தவள்! அதைவிடக் கொடுமை, காலேஜில் நாகேந்திரன் வருடா வருடம் கருவிகளுக்குப் பூஜை போடும்போது தண்ணீர் சோதிக்கும் இயந்திரத்தின் தகரப் பெட்டிக்கு இவளே தன் கையால் குங்குமம் வைத்திருக்கிறாள். புனலுக்கும் ஒருவன் வைப்பான் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்த பழைய பஞ்சாங்கங்களை இறக்கினாள். கங்காதரன், "யாருக்கு ஜாதகம் பாக்கப் போற?" என்றான். ஆறு வருட ஆயுத பூஜைத் தேதிகளையும் எழுதி, பக்கத்தில் கவசம் விழுந்த வாரங்களை எழுதினாள். பண்டிகை முன்னால் வந்த வருடம் கவசமும் முன்னால் வந்திருந்தது. பண்டிகை தள்ளிப்போன வருடம் அதுவும் தள்ளிப்போயிருந்தது. ஒரு வாரம் பிசகவில்லை. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

மறுவாரம் ராஜசேகரனிடம் சொன்னாள். மனிதர் கதவைச் சாத்தினார்.

"இனிமே வெக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. பழசைக் கிளறாதீங்க."

"புழுதிக் கவசம்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கோம் சார். அது பொய்."

"பொய் இல்லம்மா, தப்பு. தப்பு எல்லா இடத்துலயும் நடக்குது. இன்னும் ரெண்டு வாரத்துல அவர் வரார். மூடிட்டுப் போயிட்டார்னா நீங்க, நாகேந்திரன், அந்தக் கோவிந்தன், எல்லாரும் தெருவுல நிப்பீங்க. எனக்காவது காலேஜ் வேலை இருக்கு."

"மறைச்சு வாங்குற பணத்துல நான் எப்படி சார் வேலை பார்ப்பேன்?"

ராஜசேகரன் மேஜைமேல் கிடந்த விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, "நீங்களே சொல்லிக்குங்க. என்னை இழுக்காதீங்க" என்றார்.

ஹென்ரிக்சன் வந்தார். நெட்டையாக, வியர்வையில் நனைந்த சட்டையோடு, எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லும் கிழவர். வரலட்சுமி பஞ்சாங்கத் தேதிகளையும் வரைபடத்தையும் அவர் முன் விரித்து, ஒன்று விடாமல் சொன்னாள். ஆறு வருடத்திலும் பண்டிகைக்குப் பின்னால் வரும் மூன்று வாரங்களை அடித்துவிடுங்கள், எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்றாள். வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பேசினாள்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது வருடமாகப் பல நாடுகளில் பணத்தைக் கொடுத்துவிட்டு அலைகிறேன், இப்படித் தானாக வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். மூன்று வாரங்களை அடிப்போம், மற்ற நாற்பத்தொன்பது வாரமும் உங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது, இந்த மையத்தை மூடினால் நான் முட்டாள் என்றார். வரலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. ராஜசேகரன்கூடச் சிரித்துவிட்டார். புனலைப் பார்த்துக்கொள்ளும் மனிதரைப் பார்த்து ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்று கிழவர் கேட்டதால், மூவரும் காரில் கள்ளிக்குப்பம் போனார்கள்.

கோவிந்தன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். திருநீறு வைக்கக்கூடாது என்று வரலட்சுமி பூஜை முடிந்த வாரமே பக்குவமாகச் சொல்லியிருந்தாள். புனல் சுத்தமாக இருந்தது. கிழவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார், வரலட்சுமி தமிழில் சொன்னாள்.

"பண்டிகை அன்னிக்குத் தவிர வேற எந்த நாளும் புனல்ல எதுவும் வெக்கிறதில்லையேன்னு கேக்கறார். சும்மா ஒரு பேச்சுக்கு."

கேள்வியைச் சொல்லும்போதே பதில் என்னவென்று தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

கோவிந்தன் பதறிப்போனான். தன்னைச் சோம்பேறி என்று வெள்ளைக்காரர் நினைத்துவிட்டாரோ என்ற பதற்றம்.

"ஐயய்யோ, அப்டி வுட்ருவனா மேடம்? வருசத்துக்கு ஒரு நாள் வெச்சா போதுமா? வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம எங்க ஊட்டம்மா தலைக்கு ஊத்திகினு வந்து ஒரு கீத்து வெப்பா. அமாவாசைக்கு வெப்பா. நீங்க வாணான்னு சொன்ன அன்னிக்குத் தான் நிறுத்துனோம். ஆறு வருசத்துல ஒரு வெள்ளிக்கெயம தவறல. சொல்லுங்க மேடம் அவராண்ட, நல்லா சொல்லுங்க!"

வேம்புலியம்மாள் தலையை ஆட்டினாள். ராஜசேகரன் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கிழவர் புன்னகையோடு வரலட்சுமியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை வைத்தால் செவ்வாய்க்கிழமை கழுவும் வரை உள்ளேயே இருக்கும். பண்டிகைப் பட்டை விரல் கனம், அதனால் கணக்கில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. அப்படியென்றால் அடிக்க வேண்டியது மூன்று வாரம் இல்லை. ஆறு வருடம். முதல் பாட்டிலிலிருந்து போன மாதப் பாட்டில் வரை எல்லாம் சாம்பல் கரைசல். அவளுடைய முந்நூறு செவ்வாய்க்கிழமைகளும் சாக்கடைக்குத்தான். ஒரு தடவை உண்மை சொல்லிவிட்டாள். அதற்குத் தேவையான தைரியத்தை இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தாள், எல்லாம் காலையிலேயே செலவாகிவிட்டது. இப்போது பயம் மட்டும்தான் இருந்தது.

"இந்தக் கூட்டமைப்பில் தானும் ஒருவன் என்பதில் பெருமைப்படுவதாகச் சொல்கிறார். பண்டிகை தவிர வேறு நாளில் வைத்ததில்லையாம்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

கிழவர் கோவிந்தனின் தோளைத் தட்டினார். நல்ல பேர் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்பதுபோல் கோவிந்தன் வரலட்சுமியைப் பார்த்துக் கும்பிட்டான். திரும்பி வரும்போது காரில் ராஜசேகரன் கிழவரிடம் ஊர்ச் சாலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

ஐந்து வருடத்துக்குப் பணம் வந்தது. கூடவே ஒரு கடிதம். வரலட்சுமியின் நேர்மையை மற்றப் பத்து மையங்களுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த வருடம் கொழும்பில் எல்லா மையத்தாரும் கூடியபோது, கணக்கில் உண்மையாக இருப்பது எப்படி என்று அவளையே ஒரு மணி நேரம் பேச வைத்தார்கள். பேசினாள். கை தட்டினார்கள். அறைக்குப் போய்ப் பேசிய தாள்களைக் கிழித்துப் போட்டாள்.

புனலில் சாம்பல் நின்றது, மழை உள்ளபடி விழுந்தது. தொண்ணூற்று நான்கில் அமிலம் ஏறியது. தொண்ணூற்றைந்திலும் அதேபோல் இருந்தது. உண்மையில் ஏறவே இல்லை, என்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் பழைய ஆறு வருடக் கணக்கு பக்கத்தில் நிற்கிறதே! அதோடு சேர்த்துப் பார்த்தால் தொண்ணூற்று மூன்றோடு மழை தலைகீழாகக் கெட்டுவிட்ட மாதிரி தெரிந்தது. பதினொரு மையத்திலும் இங்கே மட்டும்தான் இப்படி. கூட்டமைப்பின் ஆண்டறிக்கையில் அது முதல் பக்கத்தில் வந்தது. அங்கிருந்து தமிழ்ப் பேப்பர்க்காரர்களுக்கு வந்து சேர்ந்தது.

தொண்ணூற்றாறு ஆடி மாதம் வரலட்சுமி மாடியைப் பார்க்கப் போனாள். கோவிந்தன் பேப்பரை மடித்து வைத்திருந்தான்.

"இது நம்ப புனல் தண்ணி கணக்கு தானே மேடம்?"

"ஆமாண்ணே."

"மழையில ஆசிட் கீதாமே. தொண்ணூத்தி மூணு வரிக்கும் நல்லா இருந்துச்சாம், அப்பால கெட்டுப்போச்சாம். அப்பதானே மேடம் நீங்க திருநீறு வெக்காதன்னீங்க?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லண்ணே. இது ஃபேக்டரி புகை."

"ஃபேக்டரி முன்னாடியும் தான் மேடம் இருந்துச்சி" என்றான் கோவிந்தன். அவன் சண்டைக்குச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் புனலைச் சரிபார்க்கக் குனிந்தாள்.

வேம்புலியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது.

"கால்ல என்னம்மா?"

"நடந்து போனது மேடம். திருவேற்காட்டு ஆத்தா கோயிலுக்கு" என்றாள் வேம்புலியம்மாள். "இவரு பேப்பரப் படிச்சிக் காட்டினாரு. எனுக்கு ஒடம்பே ஆடிப்போச்சி. ஆத்தா குடுக்கற மழை, அதுக்குத் தானே வெச்சினு இருந்தேன். மூணு வருசமா வெக்காம வுட்டுட்டேனே. ஊரே இந்தத் தண்ணிய குடிக்கிது. எங்கைனால தானே? அதான் மூணு வெள்ளிக்கெயம செருப்பில்லாம நடந்து வந்து மண்சோறு சாப்பட்றேன்னு வேண்டிகினேன். ஒண்ணு முடிச்சிட்டேன், ரெண்டு பாக்கி கீது. அப்பால ஆத்தா மனசு எறங்குமா மேடம்? நீங்க படிச்சவங்கோ, நீங்க சொல்லுங்கோ."

கோவில் தரையில், எச்சில் பட்ட, ஆயிரம் கால் மிதித்த கல்லில் சோற்றைக் கொட்டி வாயால் எடுத்துத் தின்றிருக்கிறாள் அந்தப் பெண். ஒரே ஒரு வாக்கியம் போதும். மழை எப்போதும் இப்படித்தான் இருந்தது அம்மா, நீங்கள் வைத்த சாம்பல் அதை மறைத்தது, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவ்வளவுதான். சொல்ல வாயைத் திறந்தாள்.

பக்கத்தில் கோவிந்தன் நின்றான். அவன் வாயில் எதுவும் தங்காது. இன்றைக்கு இவள் சொன்னால் செவ்வாய்க்கிழமை பாட்டிலோடு காலேஜுக்கு வந்து நாகேந்திரனிடம் சொல்வான், கேன்டீனில் சொல்வான், அடுத்து வரும் வெள்ளைக்காரரிடம் நல்லா சொல்லுங்க மேடம் என்று இவளையே சொல்லச் சொல்வான். இன்னும் இரண்டரை வருடப் பணம் பாக்கி இருந்தது.

"மிச்ச ரெண்டு வாரத்தையும் முடிச்சுடுங்கம்மா" என்றாள் வரலட்சுமி. "எல்லாம் சரியாயிடும்."

வேம்புலியம்மாளின் முகம் தெளிந்தது. மேடமே சொல்லிவிட்டாள், இனி என்ன சந்தேகம்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து காலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினாள். அந்த வெள்ளிக்கிழமை புண் ஆறுவதற்குள்ளேயே காலையில் கிளம்பிவிட்டாளாம், செருப்பில்லாமல்.